இரண்டாம் அறையின் ஈரப்பதம்

ஏப்ரல் 6, திங்கள்

ஊரடங்கில் அருங்காட்சியகத்தை மூடி இன்றோடு பதினாறு நாள். உள்ளே போக அனுமதிச் சீட்டு இருப்பது எனக்கு மட்டும்தான். காப்பாட்சியர் சாரை வயதும் சர்க்கரையும் சேர்ந்து வீட்டோடு உட்கார வைத்துவிட்டன. மற்ற நான்கு பேரையும் வரவேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். பதிவேடு எழுதுகிறவளுக்கு மட்டும் எந்தத் தொற்றும் வராது போலிருக்கிறது.

திங்கள், சனி, இரண்டு நாள் போக வேண்டும். திங்களன்று பொருள்களைச் சுற்றிப் பார்த்து, ஈரப்பதக் கருவிகளில் தாள் மாற்ற வேண்டும். சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு இணையத்தில் நேரலை. கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு நான் அறை அறையாக நடந்து பேச வேண்டுமாம்.

இது என் ஆசையில்லை. தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம். மே கடைசிக்குள் வாரத்துக்கு ஐந்நூறு பேராவது பார்க்காத சிறு அருங்காட்சியகங்கள் ‘ஒருங்கிணைக்கப்படும்’. அதாவது நம் பொருள்களை மூட்டை கட்டிக்கொண்டு போய் அவர்களுடைய கிடங்கில் போட்டுவிடுவார்கள். கட்டடம் வேறு ஏதாவது அலுவலகத்துக்குப் போகும். ஆயிரத்து இருநூற்றுப் பதினெட்டுப் பொருள்கள். பத்தொன்பது வருடமாக ஒவ்வொன்றின் அடியிலும் சிவப்பு மையால் எண் எழுதியவள் நான். இன்னொருவன் அதை வெள்ளை மையால் அழித்துப் புது எண் எழுதுவான்.

ஏப்ரல் 11, சனி

முதல் நேரலை. முதல் அறை, கல் கருவிகள். பார்த்தவர்கள் இருபத்து மூன்று பேர். அதில் ஒருவர் என் அண்ணன். அவரும் பாதியில் போய்விட்டார். சாயங்காலம் போன் செய்து, “கல்லைக் காட்டி கல்லைப் பத்தியே பேசுற. பொம்மைகளுக்கு வகுப்பு எடுக்கிற மாதிரி இருக்கு” என்றார். கோபம் வந்தது. சரியாகத்தான் சொல்கிறார் என்பதால் இன்னும் கோபம் வந்தது.

ஏப்ரல் 13, திங்கள்

இன்று ஒன்று பார்த்தேன். எழுதி வைக்கிறேன்.

கருவியில் ஓர் உருளை இருக்கும். அதில் சுற்றிய தாளில் ஒரு முள் ஏழு நாளும் கோடு இழுத்துக்கொண்டே போகும். கூட்டம் வந்தால் கோடு ஏறும், மனித மூச்சில் ஈரம் இருக்கிறதல்லவா. பள்ளிப் பிள்ளைகள் வந்த நாளில் எத்தனை பேருந்து வந்தது என்று தாளைப் பார்த்தே நான் சொல்லிவிடுவேன். ஆளில்லாத நாளில் கோடு தரையோடு தரையாகக் கிடக்கும்.

ஒன்றாம் அறை கிடக்கிறது. மூன்றாம் அறையும் அப்படியே. இரண்டாம் அறை மட்டும் தினமும் காலை பத்துக்கு ஏறுகிறது. ஐந்து மணிக்கு இறங்குகிறது. மதியம் ஒன்றரைக்குச் சின்னதாக ஒரு பள்ளம், சாப்பாட்டு நேரம் மாதிரி.

இரண்டாம் அறைதான் எல்லாவற்றிலும் சிறியது. ஜன்னலைப் பலகை வைத்து அடைத்திருக்கிறோம். பழைய காலத்து மருத்துவமனை வார்டு போல அமைத்தது: இரும்புக் கட்டில், அதில் கழுத்துவரை போர்த்திய சுண்ணாம்புப் பொம்மை நோயாளி, தலைமாட்டில் சுண்ணாம்பு நர்ஸ், மருந்து அலமாரி, ஓர் எனாமல் குவளை. நோயாளியின் முகம் சுவர் பக்கம் திரும்பியிருக்கும், தலையில் கட்டு. செய்தவருக்கு முகம் சரியாக வராது என்று சார் கிண்டல் செய்வார்.

இன்னொன்று. சனிக்கிழமை நான் கட்டடத்துக்குள் இருந்த பத்தரையிலிருந்து பன்னிரண்டரை வரை கோடு இறங்கிக் கிடக்கிறது. நான் கிளம்பிப் பத்து நிமிடத்தில் மறுபடி ஏறுகிறது.

கருவி கெட்டுப்போயிருக்கும். வேறென்ன?

பிற்பகல் ஊழியர்களுக்கு நலம் விசாரிக்கும் வேலை. வாராவாரம் எல்லோருக்கும் போன் செய்து பட்டியலில் டிக் போட வேண்டும், உத்தரவு. கடைசியாக ஸ்டூல்காரர். இரண்டாம் அறைக் காவலர், இருபத்து நான்கு வருடமாக அதே அறையில் அதே ஸ்டூலில் உட்கார்ந்தவர், அதனால் அந்தப் பெயர். “நல்லா இருக்கேம்மா. நீங்க பத்திரமா இருங்க” என்றார். குளியலறையில் நின்று பேசுவது போல எதிரொலித்தது. ஒற்றை அறை வீடு, மகன், மருமகள், பிறந்து இரண்டு மாதமான பேரக்குழந்தை. தனியாகப் பேச வேறு இடம் ஏது பாவம். டிக் போட்டேன்.

ஏப்ரல் 18, சனி

மூன்றாம் அறை. நாற்பது பேர். பாதிக்கு மேல் பேச எதுவும் இல்லாமல் போய், வாய்க்கு வந்தபடி அந்தத் தாளைக் காட்டிவிட்டேன். “ஆளே இல்லாத அறை ஒண்ணு, தினமும் பத்து மணிக்கு மூச்சு விட ஆரம்பிக்குது. அஞ்சு மணிக்கு நிறுத்துது. ஏன்னு எனக்குத் தெரியல” என்றேன்.

நாற்பது பேர் நூற்றுப் பத்து ஆனார்கள். யார் யாரைக் கூப்பிட்டார்களோ.

ஏப்ரல் 20, திங்கள்

போன வாரத் தாளும் அதே கதை. கருவியைச் சந்தேகப்பட்டு, ஒன்றாம் அறைக் கருவியை இங்கேயும் இங்கிருந்ததை அங்கேயும் மாற்றி வைத்தேன். அடுத்த திங்கள் தெரியும்.

அறையில் ஐந்து நிமிடம் நின்றேன். முகக்கவசத்தைக் கொஞ்சம் இறக்கினேன். துவைக்காத துணியின் வாசனை. நர்ஸ் பொம்மை நோயாளியைப் பார்க்கிறது, நோயாளி சுவரைப் பார்க்கிறது. என்னை யாரும் பார்க்கவில்லை. அப்புறம் ஏன் முதுகு கூசியது?

எனாமல் குவளையின் கைப்பிடி இடப்பக்கம் திரும்பியிருந்தது. பதிவேட்டுப் படத்தில் வலப்பக்கம். மூடுவதற்கு முன் கூட்டித் துடைத்தவர்கள் செய்த வேலை. எத்தனை தடவை சொன்னாலும் மண்டையில் ஏறாது. தடுப்புக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றே கையை நீட்டித் திருப்பி வைத்தேன். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இருந்தது.

ஈரம் படிந்து சொட்டியிருக்கும்.

ஏப்ரல் 25, சனி

எழுநூற்று எண்பது பேர்! இரண்டாம் அறை வாசலில் நின்றபடியே நேரலை. கயிற்றைத் தாண்டவில்லை. விளக்கில் பாதியை அணைத்து வைத்தேன். நாடகம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கிடங்குக்குப் போகிற பொருள்களுக்காக நாடகம் ஆடினால் பாவமா?

சாருக்குக் கால் தரையில் பாவவில்லை. வார்டுக்குப் பின்னால் ஒரு சாமான் அறை உண்டு, அதில் தண்ணீர்க் குழாய் போகிறது, ஒழுகுகிறதா என்று திறந்து பார்த்துவிடலாமா என்று போனில் கேட்டேன். சாவி ஸ்டூல்காரரிடம்தான் இருக்கிறது, அவரை ஒரு நாள் வரச் சொன்னால் போதும். சார் சிரித்தார்.

“குழாய் ஒழுகுதுன்னு தெரிஞ்சுட்டா அப்புறம் யாரும்மா பாப்பாங்க? மே முடியட்டும்.”

நியாயமாகத்தான் பட்டது. அவரை வரச் சொல்லவில்லை.

ஏப்ரல் 27, திங்கள்

கருவியில் கோளாறு இல்லை. மாற்றி வைத்தும் இரண்டாம் அறைதான் ஏறியிருக்கிறது.

வியாழக்கிழமை வரை பழையபடி பத்துக்கு ஏறி ஐந்துக்கு இறங்கிய கோடு, வியாழன் மாலை இறங்கவில்லை. சனிக்கிழமை நான் வந்தபோது மட்டும் கொஞ்சம் சரிந்திருக்கிறது. மற்றபடி இரவும் பகலும் மேலேயே நிற்கிறது. இந்த அறை வீட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டது.

தாளைப் படம் எடுத்துப் போட்டேன், “இனி இது ஓய்வெடுப்பதில்லை” என்று எழுதி. மாலைக்குள் இரண்டாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள்.

நலம் விசாரிப்பு. ஸ்டூல்காரர் எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ‘நலம்’ என்று ஒற்றை வார்த்தை அனுப்பினார். டிக்.

மே 2, சனி

ஆயிரத்து நானூற்று அறுபது.

வரிசையாக எழுதுகிறேன்.

இன்று முதல் தடவையாக நேரலையில் அறைக்குள்ளேயே போய், கட்டிலின் கால்மாட்டில், கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பேசினேன். விளக்கு ஒன்றுதான். ஈரப்பதம், பழைய வைத்திய முறைகள், குவளை, கட்டில் என்று நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இருபதாவது நிமிடத்தில் ஒரு சத்தம். டக். இரும்பில் எதையோ தட்டினது போல. நான் பேச்சை நிறுத்தினேன். மறுபடி, டக், டக்.

நான் என்ன செய்தேன்? கேமராவைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, “கேட்டீங்களா?” என்றேன்.

கீழே கருத்துகள் கொட்டின. பொம்மையின் போர்வை அசைந்தது என்று ஒருவர். பொம்மையின் கால் போன வாரம் இவ்வளவு நீளம் இல்லையே என்று ஒருவர். எல்லாவற்றையும் சத்தமாகப் படித்தேன். பயந்தேன், அது உண்மை. சந்தோஷப்பட்டேன், அதுவும் உண்மை. முடிந்ததும் கட்டிலைத் திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்து பூட்டினேன். ஏன் திரும்பிப் பார்க்கவில்லை? பயத்தினால்தான். பயத்தினால் மட்டுந்தானா?

அதே நாள், பிற்பகல் மூன்று மணி

அலுவலக எண்ணுக்கு வரும் போன் இப்போது என் கைப்பேசிக்குத்தான் வருகிறது. ஒரு பெண் பேசினார். ஓய்வு பெற்ற நர்ஸாம், முப்பத்தோரு வருடம் வார்டில் இருந்தவராம். நேரலையை இரண்டாவது தடவை போட்டுப் பார்த்தாராம்.

“கட்டில்ல இருக்கிறது பொம்மைதானம்மா?”

ஆமாம், சுண்ணாம்பு, பதிவு எண் நானூற்று ஏழு என்றேன்.

“போர்வை ஏறி இறங்குது. நான் கடிகாரம் வச்சு எண்ணுனேன். நிமிஷத்துக்கு முப்பத்தாறு. பொம்மைன்னா எனக்குச் சந்தோஷம். மனுஷன்னா அந்த ஆளு ரொம்ப நேரம் தாங்க மாட்டாரு. போய்ப் பாருங்க.”

விளக்கு மங்கல், கைப்பேசி ஆடியிருக்கும், நன்றி என்று சொல்லி வைத்துவிட்டேன். இந்த மாதிரி எத்தனை பேர் கிளம்பியிருக்கிறார்கள். ஒருத்தி நோயாளி கண்ணடித்தான் என்றே எழுதியிருந்தாள்.

அருங்காட்சியகம் என் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை.

மே 3, ஞாயிறு

முழு ஊரடங்கு. ‘கேட்டீங்களா’ துண்டுக் காட்சியை ஒன்பதாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். அண்ணன்கூடப் பார்த்துவிட்டு, “இப்பதான் பேசக் கத்துக்கிட்ட” என்றார். திங்கள் எப்படியும் போகத்தான் போகிறேன், அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

முப்பத்தாறு. நான் என் மூச்சை எண்ணிப் பார்த்தேன். பதினேழு.

மே 4, திங்கள்

ஸ்டூல்காரர்.

மே 5, செவ்வாய்

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. இன்று எழுதியே ஆக வேண்டும். நான் எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்கள்.

ஒன்பது மணிக்குக் கயிற்றைத் தாண்டினேன். பத்தொன்பது வருடத்தில் அந்தக் கயிற்றை நான் தாண்டியது எண் எழுதத்தான். “சார்” என்றேன், யாரைச் சார் என்றேனோ. போர்வை வேகவேகமாக ஏறி இறங்கியது. தலையில் கட்டு இல்லை, அவருடைய துண்டு. திருப்பினேன். உதடு வெடித்திருந்தது. உடம்பு கொதித்தது. கண்ணைத் திறந்து என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

“மன்னிச்சுக்கங்கம்மா. குவளையை எடுத்துட்டேன். நம்பர் அழியாமத்தான் வச்சிருக்கேன்.”

குவளை காலியாகக் கட்டில் கம்பியை ஒட்டிக் கிடந்தது. எனாமல் ஓரிடத்தில் பெயர்ந்திருந்தது, தட்டின இடம்.

தண்ணீர் கொடுத்தேன். பாதி வாய்க்குள் போகவில்லை. ஆம்புலன்ஸ் வர ஐம்பது நிமிடம். அந்த ஐம்பது நிமிடத்தில் மூச்சுக்கு நடுநடுவே அவர் சொன்னது இது. அவர்கள் குடியிருக்கும் வீட்டுக்காரர், வெளியே போய் வருகிறவர்கள் யாரும் உள்ளே வரக்கூடாது என்று முதல் வாரமே சொல்லிவிட்டாராம். ரேஷனுக்கும் மருந்துக்கும் வெளியே போய் வந்தது அவர்தான், கைக்குழந்தை இருக்கும் வீடு. அவருக்கும் சரியென்றுதான் பட்டதாம். அருங்காட்சியகத்தில் ராப்பகல் காவல் போட்டிருக்கிறார்கள், தங்க அறையும் உண்டு என்று மகனிடம் சொல்லிவிட்டு, பின்கதவு வழியாகச் சாமான் அறைக்கு வந்துவிட்டார். வேலையென்று சொன்னபிறகு சும்மா இருக்க மனது வரவில்லை போல. தினமும் பத்துக்கு ஸ்டூலில் வந்து உட்கார்ந்திருக்கிறார், ஐந்துக்கு எழுந்திருக்கிறார். என் சாவிச் சத்தம் கேட்டால் சாமான் அறைக்குள் போய்விடுவாராம். நான் பார்த்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று பயம். காய்ச்சல் வந்ததும் தரையில் படுக்க முடியாமல் கட்டிலுக்கு வந்திருக்கிறார். போன வாரம் நான் வந்தபோதெல்லாம் பொம்மையைத் திரும்பக் கட்டிலில் கிடத்திவிட்டு ஒளிந்தவருக்கு, இந்தச் சனிக்கிழமை எழுந்து போகத் தெம்பில்லை.

சுண்ணாம்பு நோயாளி சாமான் அறையில், செய்தித்தாள் சுற்றி, தலைக்குக் கீழே துணி வைத்து, பத்திரமாகப் படுத்திருக்கிறது. அதற்கு ஒரு கீறல் இல்லை.

மூச்சுக் கோடு. பத்துக்கு ஏறி ஐந்துக்கு இறங்கும் கோடு. சாப்பாட்டு நேரத்தில் பள்ளம். ஒரு தாளைப் பார்த்தே எத்தனை பேருந்து வந்தது என்று சொல்லுகிறவள் நான். இதைப் படிக்கத் தெரியவில்லை என்று யாரிடம் சொல்வேன், யார் நம்புவார்கள்? ஒரு ஆள்தான் என்று எனக்குத் தெரியும். எப்போதிருந்து தெரியும் என்றுதான் தெரியவில்லை.

மே 6, புதன்

மகனிடம் நான்தான் போனில் சொன்னேன். நம்பவில்லை. “அப்பா டூட்டியிலல்ல இருக்காரு? நீங்கதான ரூம் குடுத்திருக்கீங்க?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். எங்களுக்கு அவர் வீட்டில் இருந்தார், அவர்களுக்கு அவர் எங்களிடம் இருந்தார்.

மருத்துவமனையில் யாரையும் பார்க்க விடவில்லை.

மே 7, வியாழன்

காலை ஆறே முக்காலுக்கு. இரண்டு நாள் தாமதம் என்று டாக்டர் போனில் சொன்னார். யாரையும் குறை சொல்கிற குரலில் இல்லை, நேரம் சொல்கிற குரலில்.

சனிக்கிழமை மூன்று மணியிலிருந்து எண்ணினேன். திங்கள் ஒன்பது மணி. நாற்பத்திரண்டு மணி நேரம்.

மே 9, சனி

சார் நேரலையை நிறுத்த வேண்டாம் என்றார், வேறு அறையில் வைத்துக்கொள்ளலாமாம். துண்டுக் காட்சியை யாருக்கும் தெரியாமல் நீக்கிவிடலாமாம். முடியாது என்றேன், இரண்டுக்கும். இத்தனை வருடத்தில் அவரை எதிர்த்துப் பேசியதில்லை. கடைசியில், “மே முடியட்டும்னு நான்தான சொன்னேன்” என்றார். அழுதாரா, சளியா, தெரியவில்லை.

நர்ஸ் அம்மாவுக்கு நானே போன் செய்தேன். சொன்னேன். “உங்ககிட்டச் சொன்னதோட விடாம போலீஸுக்கும் சொல்லியிருக்கணும் நான்” என்றார். அவர் எதற்காகத் தன்னைக் குறை சொல்லிக்கொள்ள வேண்டும்? எனக்கு அது தாங்கவில்லை. வைத்துவிட்டேன்.

மே 11, திங்கள்

தாள் மாற்றினேன். மூன்று அறையும் ஒன்றுபோல.

ஜூன் 3, புதன்

உத்தரவு வந்துவிட்டது. நம் அருங்காட்சியகம் ஒருங்கிணைப்பிலிருந்து விலக்கப்படுகிறது. பாராட்டுக் கடிதம் தனியாக. ‘பொதுமக்களைக் கவர்ந்த புதுமையான முயற்சி.’ ஆயிரத்து இருநூற்றுப் பதினெட்டுப் பொருளும் இங்கேயே இருக்கும். இதற்காகத்தானே.

கடிதத்தைக் கோப்பில் வைத்தேன். என் பெயர் இருந்த பக்கத்தைப் படிக்கவில்லை.

ஜூன் 14, ஞாயிறு

நாளை மகன் வருகிறார். அப்பாவின் பை, செருப்பு, ஸ்டூலின்மேல் போட்டிருந்த திண்டு, இவை சாமான் அறையில் இருக்கின்றன. அவற்றோடு வீடியோவும் வேண்டுமாம். துண்டு இல்லை, முழுவதும். அப்பாவின் கடைசிப் படம் அதுதானாம்.

மே இரண்டாம் தேதிப் பதிவை முதல் தடவையாக முழுக்கக் கேட்டேன், காதில் மாட்டிக்கொண்டு, சத்தத்தை ஏற்றி. நாற்பத்தொரு நிமிடம். மூன்று தடவை நிறுத்திவிட்டு எழுந்து போனேன். மூன்று தடவையும் திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

ஜூன் 15, திங்கள்

பத்து மணிக்கு வந்தார். அப்பாவைப் போலவே ஒல்லி, அப்பாவைப் போலவே வாசலில் நின்று செருப்பைக் கழற்றினார். வேண்டாம், போட்டுக்கொண்டே வாருங்கள் என்றேன். கேட்கவில்லை. பையையும் திண்டையும் வாங்கிக்கொண்டார். இரண்டாம் அறையைப் பார்க்கிறீர்களா என்று கேட்டேன். தலையசைத்து மறுத்துவிட்டார்.

பென் டிரைவை நீட்டினேன். வாங்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

“தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க குரல் இல்லாம குடுக்க முடியுமா?”

முயன்று பார்த்தேன், முடியாது என்றேன். ஏன் என்று கேட்டார். சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் அப்பாவுக்குப் போட்ட மாதிரி இவருக்கும் ‘நலம்’ என்று ஒரு டிக் போட்டு அனுப்ப எனக்கு மனமில்லை.

“மூணு தடவை தட்டுன மாதிரிதான் எல்லாருக்கும் தெரியும். நேத்து முழுசாக் கேட்டேன். முதல் நிமிஷத்துல இருந்தே தட்டியிருக்காரு. மொத்தம் பதினோரு தடவை. மூணுதான் தனியாக் கேக்குது. மத்த எட்டும் நான் பேசுறதுக்கு அடியில இருக்கு. என் குரலை எடுத்தா அதுவும் சேந்து போயிடும்.”

அவர் பையின் வாரை விரலில் சுற்றினார், அவிழ்த்தார். எனக்கு அவர் திட்டினால் தேவலை என்றிருந்தது.

“அப்ப இருக்கட்டும்” என்றார். வெளியே போகும் பொருள்களுக்கான ஏட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பென் டிரைவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.